இளையோர் நாவல், பெரியவர் வாசிப்பு: கோலாலம்பூர், பினாங்கு வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிள்ளைக்கென்று வாங்கிய நாவலை அம்மாவோ மாமாவோ எடுத்து முதலில் முடித்துவிடுவது நம் வீடுகளில் புதிதல்ல. எதை வாங்கினால் இருவருக்கும் பிடிக்கும், எங்கே கிடைக்கும், எங்கே பணம் வீணாகும் என்று கேட்பவர்களுக்கான பதில்கள் இவை. தமிழ் நூல்கள், ஆங்கில நூல்கள் இரண்டையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம்.

இளையோர் நாவல் என்றால் எது? சிறுவர் நாவலிலிருந்து எங்கே பிரிகிறது?

நாயகனுக்கோ நாயகிக்கோ 14 முதல் 18 வயது இருக்கும். கதை அந்த வயதின் கண் வழியாகவே நகரும். நம் பள்ளிக் கணக்கில் படிவம் 2 முதல் ஆறாம் படிவம் வரை. 8 முதல் 12 வயதுக்கென எழுதப்படுவது சிறுவர் நாவல். கடைகளில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து அலமாரியில் இருப்பதால் கை மாறிப் போகிறது.

ஆனால் அட்டையில் இருக்கும் வயது பதிப்பாளர் விற்பனைக்காக எடுக்கும் முடிவு, அவ்வளவுதான். மார்க்கஸ் சூசாக்கின் ‘தி புக் தீஃப்’ 2005-இல் ஆஸ்திரேலியாவில் பெரியவர்களுக்கான நாவலாக வெளிவந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் அதே நாவல் இளையோர் அலமாரிக்குப் போனது. மார்க் ஹேடனின் ‘தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்’ 2003-இல் பிரிட்டனில் ஒரே நேரத்தில் இரண்டு அட்டைகளுடன் வந்தது, சிறியவர்களுக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று. உள்ளே இருப்பது ஒரே கதை. இந்த நாவலின் முதல் அதிகாரத்துக்கு 2 என்று எண் போட்டிருக்கும், அடுத்தது 3, பிறகு 5. பக்கம் விட்டுப்போன பிரதி என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம். கதை சொல்லும் பையனுக்குப் பகா எண்கள் பிடிக்கும்.

இது பெரியவருக்கும் பிடிக்கும் என்று வாங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

நாவலில் வரும் பெரியவர்களைப் பாருங்கள். அம்மா, அப்பா, ஆசிரியர், பாட்டி எல்லாரும் பிள்ளையைத் தடுக்கவும் திட்டவும் மட்டுமே வந்து போகிறார்கள் என்றால், நாற்பது வயது வாசகர் ஐம்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுவார். அவர்களுக்கும் சொந்தமாக ஒரு பயம், ஒரு கடன், வீட்டில் சொல்லாமல் வைத்த ஒரு விஷயம் இருந்தால் அந்த நாவல் இரண்டு தலைமுறையையும் பிடித்து நிறுத்தும். மற்ற அளவுகோல் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

கடையில் நின்றபடியே பத்து நிமிடத்தில் சோதித்துவிடலாம். முதல் அதிகாரத்தைப் படியுங்கள். பிறகு நடுவில் புரட்டி, பிள்ளையும் பெரியவரும் பேசிக்கொள்ளும் ஓர் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். அதில் பெரியவர் பேசும் வரிகளை மட்டும் படியுங்கள். எல்லாமே அறிவுரை அல்லது அதட்டல் என்றால் பிள்ளைக்கு மட்டும் வாங்குங்கள். பின்னட்டையை நம்ப வேண்டாம். அதை எழுதுபவருக்கு விற்பதுதான் வேலை.

ஆங்கில நாவல் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். ஒரு பக்கத்தில் அர்த்தம் பிடிபடாமல் தடுக்கும் சொற்கள் ஐந்தைத் தாண்டினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். மலாய், ஹொக்கியன் சொற்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை நமக்குத் தெரிந்தவைதான்.

ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்றால்?

ஹன்னா அல்காஃப் எழுதிய ‘தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை’ (2019). கோலாலம்பூர், 1969 மே 13. பதினாறு வயது மெலாத்தி பள்ளி முடிந்து தோழியோடு படம் பார்க்கப் போகிறாள், இனக்கலவரம் வெடிக்கிறது, தாதியான அம்மா நகரத்தின் வேறொரு மூலையில் இருக்கிறார். அம்மாவைத் தேடிப் போவதுதான் கதை. மெலாத்திக்கு எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) உண்டு. தன்னுள்ளே ஒரு ஜின் உட்கார்ந்துகொண்டு, சரியாக எண்ணி, சரியாகத் தட்டாவிட்டால் அம்மா செத்துவிடுவார் என்று மிரட்டுவதாகவே அவள் நம்புகிறாள். தெருவில் ஆட்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அவள் விரல்கள் மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டிருக்கும். வெளியே நடக்கும் கலவரமும் உள்ளே நடக்கும் கலவரமும் ஒரே பத்தியில் வருவதால் நாவல் வேகமாக ஓடுகிறது. அவளைக் காப்பாற்றும் சீன அம்மையாரும் அவர் வீட்டாரும் முழு மனிதர்களாக இருக்கிறார்கள். நாம் மேலே சொன்ன சோதனையில் தேறும் நாவல்.

இரண்டு எச்சரிக்கை. கொலை, இனவெறி, மனப்பதற்றம் ஆகியவை நேராகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆசிரியரே தொடக்கத்தில் ஒரு குறிப்பு வைத்து அதைச் சொல்கிறார். அந்தக் குறிப்பைத் தாண்டிப் போகாமல் படித்துவிட்டு முடிவெடுங்கள். எண்ணச் சுழற்சி நோய் உள்ள பிள்ளைக்கு, மெலாத்தி எண்ணும் பக்கங்கள் தன் பழக்கத்தைத் தூண்டிவிடக்கூடும். முதலில் பெரியவர் படிப்பது நல்லது. வீட்டில் 1969-ஐப் பார்த்த தாத்தா, பாட்டி இருந்தால் அவர்களிடம் கதையை வாயால் சொல்லிப் பாருங்கள். பிறகு நடக்கும் பேச்சு நாவலைவிட நீளமாகப் போகலாம்.

மெலாத்தி படம் பார்க்கப் போகும் ரெக்ஸ் திரையரங்கு பிறகு தீயில் எரிந்தது; அதே இடத்தில் திரும்பக் கட்டிய கட்டடம் பெட்டாலிங் ஸ்ட்ரீட் பக்கம் இருக்கிறது, இப்போது அது திரையரங்கு அல்ல. 2019-இல் ரெக்ஸ்கேஎல் என்ற பெயரில் திறந்த அந்தக் கட்டடத்துக்குள் ஒரு பெரிய புத்தகக் கடையும் உண்டு.

அதே ஆசிரியரின் மற்றவை?

‘க்வீன் ஆஃப் தி டைல்ஸ்’ (2022) ஸ்கிராபிள் போட்டியில் நடக்கும் மர்மக் கதை. தோழி இறந்து ஓராண்டுக்குப் பிறகு அவளுடைய இன்ஸ்டாகிராம் கணக்கு திடீரென்று உயிர்பெறுகிறது. அரிய ஆங்கிலச் சொற்கள் நிறைய வரும். சொல் விளையாட்டு பிடிக்காதவர் சலித்துவிடுவார். ‘தி கேர்ள் அண்ட் தி கோஸ்ட்’ (2020) சிறுவர் நாவல்தான். பாட்டியிடமிருந்து பெலெசிட் என்ற ஆவியைப் பெறும் சிறுமியின் கதை. ஆறாம் ஆண்டுப் பிள்ளைக்கும் படிவம் 1-க்கும் பொருந்தும்.

பினாங்குப் பின்னணியில் என்ன இருக்கிறது?

ஸென் சோவின் ‘பிளாக் வாட்டர் சிஸ்டர்’ (2021). அமெரிக்காவில் படித்து முடித்து, வேலை கிடைக்காமல், பெற்றோரோடு பினாங்குக்குத் திரும்பும் பெண்ணின் தலைக்குள் செத்துப்போன பாட்டியின் குரல் கேட்க ஆரம்பிக்கிறது. பாட்டிக்கு ஒரு கோயில் விவகாரத்தில் பழைய கணக்கு பாக்கி. பேச்சு முழுக்க நம்மூர் ஆங்கிலம். ‘லா’வும் ‘மா’வும் விளக்கமில்லாமலே வரும், லண்டன் வாசகர் திணறும் இடத்தில் பட்டர்வொர்த் வாசகர் சிரிப்பார். பதிப்பாளர் கணக்கில் இது பெரியவர் நாவல். வன்முறை உண்டு, நாயகி தன்பால் ஈர்ப்பை வீட்டில் மறைத்து வைத்திருப்பவள். 16 வயதுக்கு மேல் கொடுக்கலாம்.

டான் துவான் எங்கின் ‘தி கிஃப்ட் ஆஃப் ரெயின்’ 2007-இல் புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. 1939-இல் பினாங்கில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் ஜப்பானிய ஆசானிடம் அய்கிடோ கற்கிறான். பிறகு ஜப்பானியப் படையே வந்து இறங்குகிறது. வயதான பிறகு அவனே திரும்பிப் பார்த்துச் சொல்வதால் நடை நிதானம். படிவம் 5 முடித்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களுக்கு ஏற்றது. பள்ளி நாட்களில் கொடுத்தால் பாதியில் நிற்கும்.

நம் தமிழ்க் குடும்பங்கள் வரும் ஆங்கில இளையோர் நாவல் உண்டா?

உண்டு, ஆனால் பெரும்பாலும் சென்னையும் கொழும்பும்தான் களம். சென்னையில் பிறந்த பத்மா வெங்கட்ராமனை முதலில் தேடுங்கள். ‘கிளைம்பிங் தி ஸ்டேர்ஸ்’ (2008) 1941-இல் நடக்கிறது. பம்பாயில் சுதந்திரமாக வளர்ந்த பதினைந்து வயது வித்யா, போராட்டத்தில் அடிபட்டு நினைவு கலங்கிப்போன அப்பாவோடு மதராஸில் தாத்தாவின் கூட்டுக் குடும்பத்துக்கு வந்து சேர்கிறாள். கீழ்த்தளத்தில் பெண்கள், மேலே ஆண்கள். மாடியில் ஒரு நூலகம். அந்த மாடிப்படியில் அவள் ஏறுவதுதான் தலைப்பு. கூட்டுக் குடும்பத்தில் மருமகளாகப் போன எந்தப் பெண்ணும் இதில் வரும் அடுக்களைக் காட்சிகளைச் சும்மா கடந்து போக மாட்டார்.

அவருடைய ‘எ டைம் டு டான்ஸ்’ (2014) முழுக்கக் கவிதை வடிவம். பரதநாட்டியக்காரப் பெண் விபத்தில் ஒரு காலை இழந்து, செயற்கைக் காலோடு மறுபடி ஆடக் கற்கிறாள். பக்கத்துக்குச் சில வரிகளே இருப்பதால் இரண்டு மூன்று மாலையில் முடிந்துவிடும்.

ஷியாம் செல்வதுரையின் ‘ஸ்விம்மிங் இன் தி மான்சூன் ஸீ’ (2005) 1980-இன் கொழும்பு. பதினான்கு வயது அம்ரித், பள்ளி நாடகம், கனடாவிலிருந்து வரும் உறவுக்காரப் பையன், அவன்மேல் வரும் ஈர்ப்பு. மென்மையான நாவல். அதே ஆசிரியரின் ‘ஃபன்னி பாய்’ (1994) இன்னும் கனமானது. கொழும்புத் தமிழ்ச் சிறுவனின் குரலில் தொடங்கி 1983 கலவரம் வரை போகிறது.

தமிழில் இளையோர் நாவல் என்று ஒரு வகையே இல்லையே?

அந்தப் பெயரில் அலமாரி இல்லை. புத்தகங்கள் இருக்கின்றன, வேறு வேறு அலமாரிகளில் பிரிந்து கிடக்கின்றன.

அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977) எங்கள் முதல் பரிந்துரை. செகந்திராபாத்தில் கல்லூரிக்குப் போகும் சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடுகிறான், வீட்டு மாட்டைப் பார்த்துக்கொள்கிறான், பெண்களைப் பற்றி நினைக்கிறான். அதற்கிடையே ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேருமா சேராதா என்ற பதற்றம் ஊரைச் சூழ்கிறது. வாக்கியங்கள் சின்னவை, சொற்கள் எளியவை. தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு தமிழ் அதிகம் படிக்காத பிள்ளைக்கும் எட்டும். முதல் நாற்பது பக்கம் ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று தோன்றும், அங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள். கடைசிப் பக்கங்கள் வரை போனவர்கள் மறக்கமாட்டார்கள். கலவரத்தை ஓர் இளைஞனின் கண்ணால் சொல்வதால், ‘தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை’யோடு ஜோடியாகப் படிக்கவும் தோதானது.

பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ பண்ணையாளாக விடப்பட்ட ஆடு மேய்க்கும் சிறுவனின் கதை. கொங்கு வட்டாரப் பேச்சு முதல் சில பக்கங்களில் தடுக்கும். உரக்கப் படித்தால் காது பிடித்துக்கொள்ளும். சாதிக் கொடுமை பூசி மெழுகாமல் வருகிறது. 15 வயதுக்கு மேல்.

நேரமே இல்லை என்பவருக்கு இரா. நடராசனின் ‘ஆயிஷா’. ஒரே அமர்வில் முடியும். கேள்வி கேட்டே அடிவாங்கும் பள்ளி மாணவியின் கதையை அவளுடைய ஆசிரியை சொல்கிறார். ஆகவே ஆசிரியர்களையும் பெற்றோரையும்தான் அது அதிகம் குத்தும். முடிவு மரணம் என்பதைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் நினைவில் வையுங்கள்.

சாகசம் வேண்டுமென்றால் ஜெயமோகனின் ‘பனிமனிதன்’. சிறுவர் பத்திரிகைத் தொடராக எழுதப்பட்டாலும் பரிணாமம், பௌத்தம் எல்லாம் பேசும். பாலியல் சீண்டலைப் பற்றிப் பிள்ளையிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று தயங்குபவர்கள் எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசிய’த்தை எடுக்கலாம், 2020-இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. வயதில் சிறியவர்களுக்கான நூல், ஆனால் படிக்க வேண்டியவர்கள் பெற்றோர்.

‘பொன்னியின் செல்வன்’ கொடுக்கலாமா?

கொடுக்கலாம். கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய தொடர். ஒவ்வோர் அதிகாரமும் ஏதாவது ஒரு முடிச்சில் நிற்கும், அதுவே இழுத்துக்கொண்டு போகும். ஐந்து பாகத்தையும் ஒரேயடியாக வாங்காதீர்கள். முதல் பாகம் மட்டும். படம் பார்த்தவர்கள் ஆட்களின் பெயர் குழம்பாமல் போகலாம் என்பது ஒரு வசதி. சுருக்கப் பதிப்புகளில் முடிச்சுகளை வெட்டிவிட்டுச் சம்பவங்களை மட்டும் வைத்திருப்பார்கள், பிறகு அதில் என்ன சுவை?

மலேசியத் தமிழ் நாவல்கள்?

சயாம் மரண ரயில் பற்றி எழுதியவற்றிலிருந்து தொடங்குங்கள். 1942, 43-இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட நம் தோட்டத்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். பல குடும்பங்களில் அப்படிப் போய்த் திரும்பாத ஒருவர் இருப்பார். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இரண்டும் அந்தக் களம். பெரியவர்களுக்கென எழுதப்பட்டவைதான், ஆனால் படிவம் 4, 5 வரலாற்றுப் பாடம் இரண்டு வரியில் தாண்டிப் போவதை இவை ஆள் ஆளாகக் காட்டுகின்றன.

பினாங்கில் பேராசிரியராக இருந்த ரெ. கார்த்திகேசுவின் ‘காதலினால் அல்ல’ பல்கலைக்கழக மாணவர் வாழ்க்கை. ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம். தேர்வெழுதும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கு கே. பாலமுருகனின் ‘மோகினி மலையின் இரகசியம்’ போன்ற சிறுவர் மர்ம நாவல்கள் உண்டு. நாயகன் இளைஞன் என்பதற்காக ம. நவீனின் ‘சிகண்டி’யைப் பதினைந்து வயதுக்குக் கொடுத்துவிட வேண்டாம். கோலாலம்பூரின் சௌகிட் பகுதி இருட்டுலகைப் பற்றிய அது பெரியவர்களுக்கானது.

பெரியவர் நாவலைப் பிள்ளைக்குக் கொடுக்க எப்படித் தேர்வு செய்வது?

அமெரிக்க நூலகர்கள் 1998 முதல் அலெக்ஸ் விருது என்று ஒன்று தருகிறார்கள். 12 முதல் 18 வயதினருக்கும் பிடிக்கக்கூடிய பத்துப் பெரியவர் நூல்கள், ஆண்டுதோறும். நேர்மாறான தேவைக்கு, அதாவது தரமான இளையோர் நூலுக்கு, 2000-இல் தொடங்கிய பிரின்ட்ஸ் விருதுப் பட்டியல். இந்த இரண்டு பட்டியலையும் கைப்பேசியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதி வேலை முடிந்தது.

நம்மூர்க் கதை என்றால் யாங்ஸி சூவின் ‘தி நைட் டைகர்’ (2019) நல்ல தொடக்கம். 1931, பத்து காஜாவும் ஈப்போவும். செத்துப்போன எஜமானரின் துண்டான விரலை 49 நாளுக்குள் தேடிக் கண்டுபிடித்துப் புதைக்க வேண்டிய பதினொரு வயது வேலைக்காரப் பையன்.

தொடர் நாவல்களில் என்ன சிக்கல்?

மலிவு விலைக் கடைகளில் மீந்த பிரதிகள் மொத்தமாக வரும். இரண்டாம் பாகம் அடுக்கடுக்காகக் கிடக்கும், முதல் பாகம் இருக்காது. அட்டையின் முதுகில் எண்ணைப் பாருங்கள்; எண் இல்லாவிட்டால் தலைப்புப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் பட்டியல் இருக்கும். ஒரே நாவலுக்கு இரண்டு பெயர் இருப்பதும் உண்டு. பிலிப் புல்மனின் ‘நார்தர்ன் லைட்ஸ்’ (1995) அமெரிக்கப் பதிப்பில் ‘தி கோல்டன் காம்பஸ்’. இரண்டையும் வாங்கிவிட்டு முழிப்பவர்கள் இருக்கிறார்கள். மெல்லிய புத்தகத்தின் முன்னட்டையில் ‘லெவல் 4’ மாதிரி ஏதாவது இருந்தால் அது மொழி கற்பவர்களுக்காகச் சுருக்கி எழுதியது, நாவல் அல்ல.

எங்கே வாங்கலாம், எங்கே இரவல் எடுக்கலாம்?

புதிய ஆங்கில நூலுக்கு கேஎல்சிசியில் கினோகுனியா. இல்லாததைச் சொல்லி வைத்தால் தருவித்துத் தருவார்கள். மலிவுக்கு புக்எக்ஸஸ் கிளைகள். பினாங்கில் சௌராஸ்தா சந்தையின் மாடியில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. பயிற்சிப் புத்தகக் குவியலுக்கு நடுவே நாவல்களைத் தோண்ட வேண்டும். கடைசிப் பத்துப் பக்கம் இருக்கிறதா, முதுகுப் பசை விட்டிருக்கிறதா, பூஞ்சை வாடை அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள். பூஞ்சை பிடித்த ஒன்றை வீட்டு அலமாரியில் வைத்தால் நம் ஈரக்காற்றுக்குப் பக்கத்தில் இருப்பதற்கும் பரவும்.

தமிழ் நூலுக்கு கோலாலம்பூரில் ஜெயபக்தி, உமா பதிப்பகம் ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிப்புகள் சில பிரதிகளே வரும். அலமாரியில் பார்த்த அன்றே எடுத்துவிடுவது மேல்.

இரவலுக்கு கோலாலம்பூரில் துன் ரசாக் சாலையில் தேசிய நூலகம், டத்தாரான் மெர்டேக்கா பக்கம் கோலாலம்பூர் நூலகம். பினாங்கில் மாநில பொது நூலகமும், மின்னூல்களுக்கு மஸ்ஜித் நெகிரி சாலையில் உள்ள மின்னிலக்க நூலகமும்.

பிள்ளையும் நானும் சேர்ந்து படிக்க ஆசை. எப்படித் தொடங்குவது?

ஒரே பிரதி போதும், பக்கம் குறிக்க இரண்டு அட்டை வேண்டும். 300 பக்க ஆங்கில நாவலுக்கு நாளைக்குப் பத்துப் பக்கம் என்றால் ஒரு மாதம். பள்ளி விடுமுறையில் தொடங்கினால் பாதி தூரம் ஓடிவிடும். பெரியவர் முன்னால் போகக்கூடாது. போனால் ‘இனிமேதான் இருக்கு பாரு’ என்று வாய் தவறிவிடும், அதோடு பிள்ளைக்கு ஆர்வம் போய்விடும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் கேள்வியில்தான். “இதுல இருந்து என்னம்மா தெரிஞ்சுக்கிட்ட?” என்று கேட்டால் அது வீட்டுப்பாடம். “அந்த அம்மா பண்ணது சரியா? நானா இருந்தா கதவைத் திறந்திருக்க மாட்டேன்” என்று சொல்லிப் பாருங்கள். “நீங்களா? கண்டிப்பா திறந்திருப்பீங்க” என்று பதில் வரும். முடித்ததும் பள்ளி வாசிப்புத் திட்டமான நிலாம் பதிவில் ஏற்றச் சொல்லலாம், ஆனால் பதிவுக்காகப் படிக்கிறோம் என்ற எண்ணம் முதல் நாளே வர வேண்டாம்.

பல வருடமாக எதுவுமே படிக்கவில்லை. ஐம்பதைத் தாண்டியாயிற்று. எதில் தொடங்க?

லாட்டின் ‘கம்போங் பாய்’ (1979). படக்கதைதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. அடுத்தது பேட்ரிக் நெஸ்ஸின் ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ (2011): நோயாளி அம்மாவோடு வாழும் பதின்மூன்று வயதுப் பையனைத் தேடி இரவில் ஒரு மரம் நடந்து வருகிறது. படங்களோடு சிறிய நூல். வீட்டில் யாருக்காவது புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் இதைத் தள்ளிவையுங்கள். பிறகு ‘பதினெட்டாவது அட்சக்கோடு’.

புத்தகச் செலவுக்கு வரிக் கழிவு உண்டா?

உண்டு. வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 ரிங்கிட். உங்களுக்கும் துணைக்கும் பிள்ளைக்கும் வாங்கும் புத்தகங்கள் அதில் சேரும். புத்தகத்துக்கென்று தனி ஒதுக்கீடு கிடையாது. கைப்பேசி, கணினி, இணையக் கட்டணம் எல்லாம் அதே 2,500-க்குள்தான். அந்த ஆண்டு புதுக் கைப்பேசி வாங்கியிருந்தால் இடம் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். ரசீதை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சாகும் கடை ரசீது சில மாதத்திலேயே வெளுத்துவிடும், வாங்கிய அன்றே படம் பிடித்து வையுங்கள்.